கிப்லா எந்தப் பக்கம்?

அன்பு வாப்பாவுக்கு, ஸலாம்.

"அவ போற ஊர்ல கிப்லா எந்தப் பக்கமாம்?" என்று உம்மாவிடம் கேட்டீர்களாம். அடுத்த அறையில்தானே இருந்தேன், என்னிடமே கேட்டிருக்கலாம்.

கரீபியன் கடலில் கிரெனடா என்ற தீவு. எனக்கு அங்கே நிரந்தரத் தாதி வேலை. உங்கள் மருமகனும் பிள்ளைகளும் என்னோடு வருகிறார்கள். இனி எங்களுக்கு அதுதான் ஊர். அக்குறணைக் கடையில் நீங்கள் விற்கிற சாதிக்காய் அந்த நாட்டுக் கொடியிலேயே இருக்கிறது, பயப்படாதீர்கள்.

விசா வந்த நாளிலிருந்து நீங்கள் என் முகம் பார்ப்பதில்லை. வீட்டில் சேர்ந்து தொழும்போதும் பின்வரிசையில் நின்று உங்கள் முதுகைத்தான் பார்க்கிறேன்.

கேட்டதற்குப் பதில்: அங்கிருந்து மக்கா கிழக்கே, அதனால் கிப்லாவும் கிழக்கே. நீங்கள் இங்கிருந்து மேற்கே பார்த்துத் தொழுவீர்கள், நான் அங்கிருந்து கிழக்கே பார்த்துத் தொழுவேன்.

இனி நேருக்கு நேர்தான், வாப்பா.

உங்கள் மூத்த மகள்