நெல்லுச்சோறு கேட்டு அழுதவளுக்கு

இன்று காலை ராகி அரைக்க மாவு மில்லுக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவருடைய ராகி அரைபட்டுக்கொண்டிருந்தது. சூடான மாவின் வாசனை, அதில் கொஞ்சம் மண், கொஞ்சம் வறுபட்ட தோல். மில்காரர் சல்லடையைத் தட்டியபடி என்னைப் பார்த்து, "ஹொட்டு தெகீபேகாம்மா?" என்றார். தவிட்டைச் சலித்து எடுத்துவிடவா என்று கேட்கிறார். எப்போதும் கேட்கிற கேள்விதான். இன்று நான் அந்தச் சல்லடையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்ற அம்மாள் பொறுமை இழந்து தன் டப்பாவை முன்னே நகர்த்தினாள். வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மற்றவர்கள் சலித்து எறிகிற அந்தத் தவிடுதான் உன் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நீ மைசூருக்கு வந்து, எங்கள் உணவு ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்து, எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்குக் குடியேறினாய். ஹனூருக்குப் பக்கத்தில் மானாவாரிக் காடு வைத்திருந்த குடும்பத்தின் ஒரே பெண். நான் ரசத்தை 'சாரு' என்று சொன்னால் நீ சிரிப்பாய். "உங்க ஊர்த் தமிழைக் கேட்டா எங்கூர் மாடுகூட மெரளும்டி" என்பாய். எனக்கு எண்ணெய்ப் பிரிவில் வேலை. எண்ணெய் ஏன் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கிறது, எதைச் சேர்த்தால் அது தள்ளிப்போகும் என்று பார்க்கிற வேலை. நீயோ ராகித் தோலில் இருக்கிற துவர்ப்பைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தாய். "இவ எண்ணெய் காறாமப் பாத்துக்கறா. நான் கொடலு காறாமப் பாத்துக்கறேன். ரெண்டு பேருக்கும் ஒரே உத்தியோகம்தான்" என்று என் அம்மாவிடம் ஒருமுறை விளக்கினாய். அம்மாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, அதற்குப் பிறகு உன்னை வைத்துப் பேசும்போதெல்லாம் 'கொடல் டாக்டர்' என்றுதான் சொல்வாள்.

எலிக்கூடத்தில் உனக்கு இரண்டு வரிசைக் கூண்டுகள். இரண்டு வரிசை எலிகளுக்கும் குடலைப் புண்ணாக்கும் ஒரே ரசாயனம். ஒரு வரிசைக்கு வெறும் தீனி, மற்றதற்குத் தவிடு கலந்த தீனி. எலியின் பெருங்குடலில் வாழும் கிருமிகளை நீ காற்றுப் புகாத ஜாடிகளில் வளர்த்தாய். அந்த ஜாடியைத் திறந்தால் கூடத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். நீ மட்டும் மூக்கைப் பொத்தாமல் குனிந்து பார்ப்பாய். "காத்து பட்டா செத்துப்போற உசுருங்கடி இது. பாவம்" என்பாய். "நாம திங்கறதுல பாதி நமக்கில்ல. உள்ள குடியிருக்கறதுங்களுக்கு. அதுங்க தின்னு கழிக்கறதுதான் கொடலோட தோலுக்குச் சோறு."

தவிடு தின்ற எலிகளுக்குப் புண் குறைவாக இருந்தது. அதை உறுதிப்படுத்திக்கொள்ள நீ முழுச் சோதனையையும் மறுபடி செய்தாய். மறுபடியும் அப்படியே வந்தது. அன்று மாலை நீ எங்கள் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கி வந்தாய். பிறகு எங்கிருந்தோ விஷயம் தெரிந்து ஒரு கன்னடப் பத்திரிகைக்காரர் வந்தார். நீ பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினாய். மறுநாள், ராகி சாப்பிட்டால் குடல் நோய் அண்டாது என்று கொட்டை எழுத்தில் உன் படத்தோடு வந்தது. நீ பேப்பரை மடித்து என் மேஜைமேல் போட்டாய்.

"நான் எலின்னு சொன்னேன். இந்த ஆளு எலிய விட்டுட்டாரு."

உன் அம்மாவுக்கு அதில் குறையே தெரியவில்லை. பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அடுத்த முறை கொள்ளேகால் பஸ்ஸில் ஒரு மூட்டை ராகி மாவோடு வந்து இறங்கி, எங்கள் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம், "எம்புள்ள சொல்லியிருக்கா. ராயி தின்னா கொடலுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொன்னார். நீ மாடியிலிருந்து தலையில் அடித்துக்கொண்டாய். உனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் பார்த்தேன்.

அடுத்த மழைக்காலத்தில், கூடத்துக்கு நடந்து போகிற வழியில், குடையைச் சாய்த்துப் பிடித்தபடி நீ சொன்னாய்: "எனக்கு ரத்தம் போகுதுடி."

"எப்பத்துலேருந்து?"

"நெம்ப நாளா. எலிக்கு ரத்தம் வருதான்னு தெனமும் பாக்கறவ, என்னுதப் பாக்காம இருந்துட்டேன்."

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, பெருங்குடல் முழுவதும் புண்ணாக இருக்கிறது என்றார். ஏன் வந்தது என்று நான்தான் கேட்டேன். காரணம் யாருக்கும் சரியாகத் தெரியாது, உடம்பே தன் குடலோடு சண்டை போடுகிற மாதிரி என்றார். உனக்கு அது புதிதில்லை. நீ படித்த கட்டுரைகளின் முதல் வரியே அதுதான். மாத்திரைகள் தந்தார். உன் முகம் வட்டமாக ஊதிப்போனது. ரத்தம் நிற்கும்வரை நார்ச்சத்து கூடாது, தவிடு கூடவே கூடாது, குழைந்த வெள்ளைச் சோறும் தயிரும்தான் என்றார். காலையில் எலிகளுக்குத் தவிட்டைக் கலந்து வைத்துவிட்டு, மதியம் நீ வெள்ளைச் சோற்றைப் பிசைந்து தின்றாய். உன் அம்மா மறுபடி அனுப்பிய ராகி மூட்டை மாடியில் பிரிக்காமலே இருந்தது.

ரத்தம் நின்றது. மெல்ல மெல்லக் கஞ்சியில் தவிட்டைச் சேர்த்துக்கொண்டாய். மாத்திரைகள் குறைந்தன, முகம் பழைய முகமானது. ஒரு வருஷம் நன்றாகவே போனது. அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நஞ்சன்கூட்டுக்கு ரயிலில் போனோம். கோயிலுக்குப் போய்விட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்து நீ ராகி ரொட்டி தின்றாய். மூன்றாவதையும் எடுத்தாய். எனக்கு மனசு நிறைந்துபோய், "பாரு, தவிடு வேலை செஞ்சிருக்கு" என்றேன்.

நீ மென்றுகொண்டே இருந்தாய். விழுங்கிய பிறகு சொன்னாய்: "இந்த நோவு தானா ஏறும், தானா எறங்கும்டி. எலிக்கு ஒப்பிட்டுப் பாக்க எதிர் வரிசைல இன்னொரு எலி இருக்கு. எனக்கு ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு நான் எங்க இருக்கேன்?"

அது உன் குணம். உனக்குச் சாதகமான விஷயத்தைக்கூட நீ நிரூபணம் இல்லாமல் எடுத்துக்கொள்ள மாட்டாய். அன்று எனக்கு உன்மேல் கோபம்கூட வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காவது நம்பக்கூடாதா என்று.

பிறகு நோய் ஏறியது. தவிட்டை நிறுத்தினாய், ஏறியது. மாத்திரையைக் கூட்டினார்கள், கொஞ்சம் அடங்கி மறுபடி ஏறியது. மாதுளை ஓடு, நெல்லிக்காய், பழைய மோர் என்று தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். நீ யாரையும் எடுத்தெறிந்து பேசவில்லை, எதையும் பின்பற்றவும் இல்லை. பெருங்குடலையே எடுத்துவிட வேண்டும், மலம் இறங்க வயிற்றில் ஒரு பை வைத்துக்கொண்டு வாழலாம் என்று டாக்டர் சொன்னபோது நான் அழுதேன். நீ, "எப்ப வெச்சுக்கலாம்?" என்று தேதி கேட்டாய். ஒளிந்துகொள்ளவில்லை, தள்ளிப்போடவில்லை. செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தாய். அதனால்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

வயிற்றைத் திறந்தார்கள், அப்படியே மூடிவிட்டார்கள். நாள்பட்ட புண் கட்டியாக மாறி, கல்லீரல்வரை போயிருந்தது. டாக்டர் என்னை வராண்டாவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். உள்ளே வந்தபோது உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உன் போர்வையைச் சரிசெய்தேன். "பை வெக்கலையே" என்றாய். வயிற்றைத் தடவிப் பார்த்து நீயே தெரிந்துகொண்டிருந்தாய்.

உன் அம்மா வந்து ஆஸ்பத்திரியிலேயே தங்கினார். நீ தூங்கிக்கொண்டிருந்த ஒரு மதியம், வராண்டாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் பேச ஆரம்பித்தார்.

"கண்ணு, உன்ற கிட்டச் சொல்றேன். அவ சின்னதுல ராயிக்களியத் தொடவே மாட்டா. உருண்டையப் பாத்தாலே அழுவா. நெல்லுச்சோறு வேணும்பா. நாங்க அத்தன பேரும் களி திங்க, ஒத்தப் பொட்டப்புள்ளைன்னு அவுங்கப்பன் கொள்ளேகால் போயி அவளுக்குன்னு அரிசி வாங்கியாருவாரு. வெள்ளையா பூவாட்டம் வடிச்சு நாந்தான் ஊட்டுவேன். அவ அண்ணனுங்க ராயி தின்னு வளந்தானுங்க. ஒருத்தனுக்கும் ஒண்ணுமில்ல பாரு." என் பக்கம் இன்னும் நகர்ந்து உட்கார்ந்தார். "பேப்பர்ல அவளே போட்டிருந்தா. எனக்குத்தான் அப்ப ஒறைக்கல. எம்புள்ளைய நானே கொன்னு போட்டேன்."

நான் அதை உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. சொன்னேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாய்.

"எலிய விட்டுட்டு எழுதினது எங்க வந்து நிக்குது பாத்தியா" என்றாய்.

அன்று சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டுக் கட்டிலில் உட்காரவைத்து விளக்கினாய். அது எலிக்குச் செய்தது, ரசாயனம் கொடுத்துப் புண்ணாக்கிய எலி, மனுஷனுக்கு அப்படியே பொருந்தாது, அரிசி தின்றவர்கள் கோடிப் பேர் நன்றாக இருக்கிறார்கள், ராகி தின்றவனுக்கும் இந்த நோய் வரும். எவ்வளவு அழகாக விளக்கினாய். உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டார். "நீ என்ற மனசு நோகக் கூடாதுன்னு சொல்றே சாமி" என்று உன் நெற்றியைத் தடவிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் நீ வெள்ளைச் சோறு கேட்டாய். பல நாட்களாகக் கஞ்சித் தண்ணீரைத் தாண்டி எதுவும் உனக்கு இறங்கவில்லை. "அம்மா, எனக்கு நெல்லுச்சோறு வடிச்சு, நீயே பெசஞ்சு ஊட்டும்மா" என்றாய். உன் நோக்கம் எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டு அடுப்பில் உன் அம்மா வடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. நீ வாயைத் திறந்தாய். ஒரு வாய் விழுங்கினாய், "நல்லாருக்கும்மா" என்றாய். இரண்டாவது வாய் உள்ளே போனதும் எல்லாம் வெளியே வந்துவிட்டது. பச்சையாக, பிறகு கருப்பாக. நர்ஸ் ஓடிவந்தார். உன் அம்மா சோற்றுக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றார். உன்னைவிட அந்தச் சோற்றைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான். "சோத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு அம்மாவுக்குச் சொல்லு. நான் போன பொறகும் சொல்லு. பொய்யா இருந்தாலும் பரவால்ல." அளந்து பார்க்காமல் ஒரு வார்த்தைகூடச் சொல்லாத நீ, என்னைப் பொய் சொல்லச் சொன்னாய்.

உன்னை ஊருக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் சேதி வந்தது. உங்கள் காட்டிலேயே, ராகி அறுத்து வெறுமையாகக் கிடந்த ஓரத்தில் அடக்கம் செய்தார்கள்.

உன் கட்டுரை வெளிவந்தது. 'பயன் இருக்கக்கூடும் எனத் தோன்றுகிறது' என்று முடிகிறது. நீ எழுதியபடியே விட்டிருக்கிறார்கள். உன் கூண்டுகளில் இப்போது வேறு யாருடைய எலிகளோ இருக்கின்றன. கடைகளில் இதே மாதிரித் துவர்ப்புச் சத்தைப் போட்டு, உடம்பு துருப்பிடிக்காமல் காக்கும் என்று சொல்லி டானிக் விற்கிறார்கள். வாங்கிக் குடிக்கிறவர்கள் முகத்தில் இருக்கிற நம்பிக்கையைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

போன பொங்கலுக்கு உன் ஊருக்குப் போயிருந்தேன். உன் அம்மா மெலிந்துவிட்டார். வீட்டுக்குள் அரிசி வரக் கூடாது என்று வைத்திருக்கிறார். பொங்கல்கூடச் சாமையில்தான் வைத்தார்கள். உன் அண்ணன் மகளுக்கு உன் மூக்கு, உன் பிடிவாதம். களியைப் பார்த்து அழுதுகொண்டு தட்டைத் தள்ளினாள். "அழுதாலும் இதான்" என்று உன் அம்மா தட்டை மறுபடி அவள் முன்னால் நகர்த்தினார். அண்ணி என்னைப் பார்த்தாள், ஏதாவது சொல்லுங்கள் என்பதுபோல.

குழந்தை தூங்கிய பிறகு, உன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். போன தடவைகளில் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை நேராகவே சொன்னேன். "அம்மா, நான் அந்த வேலையிலயே இருக்கறவ. சோத்துக்கும் அவ நோவுக்கும் சம்பந்தமே இல்ல."

அவர் கோபப்படவில்லை. அழவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல என் முகத்தைப் பார்த்தார்.

"சம்பந்தமில்லீன்னா, அத்தன வருசம் எலிக்கு எதுக்குக் கண்ணு அவ ராயி போட்டா?"

சம்பந்தம் உண்டு என்றால் நீ அவரால் போனாய். இல்லை என்றால் நீ வாழ்ந்ததே வீண். நீ இருந்திருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு வாக்கியம் வைத்திருப்பாய், 'தோன்றுகிறது', 'கூடும்' என்று ஏதாவது. அந்த வாக்கியம் உன் அம்மாவுக்குப் போதாது என்று உனக்கும் தெரிந்திருந்தது. அதனால்தானே பொய்யைக் கேட்டாய்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ரோடுவரை வந்தார். பஸ் வரும்வரை பிடித்த கையை விடவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார். நான் ஏறிவிட்டேன். அந்தக் கேள்வி என்னிடம்தான் இருக்கிறது.