கலைக்கூடத்தில் நம் வாசல் கதவு

அன்புள்ள கதவுக்காரிக்கு,

உன் பல்லுக்காரன் எழுதிக்கொள்வது. நான் சுகம். வீடும் சுகம்தான், காற்றோட்டம் மட்டும் தேவைக்கு மேல் இருக்கிறது. உன் உடம்பு, தூக்கம், அந்த ஊர்க் குளிர் எல்லாம் எப்படி என்று எழுது. கையுறை போடாமல் மரம் இழைக்காதே.

அந்தக் கலைப் பட்டறையில் உன்னை இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள் என்றாய். யோசித்துச் சொல்ல வேண்டும், அதுவரை போன் பண்ணாதே, உன் குரலைக் கேட்டால் யோசனை ஓடவில்லை என்றாய். சரி என்றேன். கடிதம் எழுதாதே என்று நீ சொல்லவில்லை. அந்தச் சந்தில்தான் நுழைந்திருக்கிறேன். அதுவும் சும்மா நுழையவில்லை, நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வந்திருக்கிறேன். வாசல் கதவை யார் பூட்டியது என்று கலைக்கூடத்துக்கு ஒற்றை வரியில் எழுதியிருந்தாயாமே. கண்காட்சிப் பொறுப்பாளர் அம்மா அதை என்னிடம் காட்டி, என்ன பதில் போடட்டும் என்று கேட்டார். நீங்கள் ஒன்றும் போட வேண்டாம், நானே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பூட்டியது நான்தான்.

திட்டுவதற்கு முன்னால் முழுக் கதையையும் கேட்டுவிடு. நீ போன பிறகு கலைக்கூடத்து ஆட்கள் வண்டியோடு வந்தார்கள். நீ கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டிவிட்டு, நம் வீட்டுக் கதவு ஆறையும் நிலையோடு கழற்றினார்கள். ஒவ்வொன்றையும் கம்பளியில் சுற்றி, நோயாளியைத் தூக்குவது போல நாலு பேர் தூக்கிப் போனார்கள். என்னைக்கூட யாரும் அப்படிப் பதமாகத் தூக்கியதில்லை. வாசலுக்கு மட்டும் ஒரு பிளைவுட் பலகையை அடித்து, ஒரு குட்டிப் பூட்டும் கொடுத்தார்கள். மற்ற ஐந்து இடத்திலும் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருக்கிறேன். குளியலறை விரிப்பு காற்றுக்குப் பறக்கிறது என்பதால் இப்போதெல்லாம் நான் மின்னல் வேகத்தில் குளிக்கிறேன். அக்கா வந்து பார்த்துவிட்டு, சண்டை போட்டுட்டு நகையை எடுத்துட்டுப் போன பொண்டாட்டியைப் பாத்திருக்கேன், கதவைக் கழட்டிட்டுப் போனவளை இப்பத்தான்டா பாக்குறேன் என்றாள். நாங்கள் சண்டையே போடவில்லை என்று சொன்னேன். அதுதான்டா பயமா இருக்கு என்றாள்.

திறப்பு விழாவுக்குப் போனேன். நீ எடுத்து வைத்துவிட்டுப் போன நீலச் சட்டைதான். எள் போட்டால் எள் விழாத கூட்டம். உன்னைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். நீ இல்லாததையே ஒரு சிறப்பாகப் பேசினார்கள், எனக்குத்தான் அதில் என்ன சிறப்பு என்று விளங்கவில்லை. தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. உன் கதவுகளைப் பார்த்து வாயைப் பிளந்தவர்களில் நாலு பேருக்காவது நான் செய்கிற பல் செட் தேவைப்படும். நானும் கையில் முகவரி அட்டையோடுதான் போயிருந்தேன், கொடுக்கத் தைரியம் வரவில்லை.

அன்றைக்கு நெரிசலில் ஒன்றையும் சரியாகப் பார்க்கவில்லை. அதனால் மறுநாள் போனேன். அப்புறம் அடிக்கடி போக ஆரம்பித்துவிட்டேன். டிக்கெட் கொடுக்கிற பெண் இப்போது என்னிடம் காசு வாங்குவதில்லை.

நம் வீட்டில் கதவுகள் இருந்த வரிசை எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். நீ அவற்றை நிற்க வைத்திருக்கிற வரிசை வேறு. நீளமான வெள்ளை நடைபாதையில் ஒன்றன்பின் ஒன்றாக, திறந்து திறந்துதான் போக வேண்டும். முதலில் வாசல் கதவு. அடுத்தது குளியலறை. அதற்குப் பின் சமையலறை, பால்கனி, என் வேலை அறை, கடைசியில் படுக்கையறை. இது என்ன வரிசை? பெரியது சிறியது என்றும் இல்லை, பழையது புதியது என்றும் இல்லை. பல் செட்டில் ஒரு பல் மாறி உட்கார்ந்தால் எனக்கு எப்படி உறுத்துமோ, அப்படி உறுத்திக்கொண்டே இருந்தது.

குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போய் எவ்வளவு காலம் ஆயிற்று! உள்ளே ஆள் இருக்கிறதா என்று நாம் இருமிவிட்டுத்தானே திறப்போம்? பழக்க தோஷம், கலைக்கூடத்திலும் இருமிவிட்டுத் திறந்தேன். எனக்குப் பின்னால் வந்த பெரியவர் ஒரு நிமிடம் யோசித்தார், பிறகு அவரும் இருமினார். அவருக்குப் பின்னால் வந்த கல்லூரிப் பெண்கள் மூன்று பேரும் வரிசையாக இருமினார்கள். அது ஏதோ உன் ஏற்பாடு என்று நினைத்துவிட்டார்கள் போல. சிரிப்பை அடக்கச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். கைப்பிடிக்குக் கீழே உன் எண்ணெய்க்கை பட்டுப் பட்டுக் கறுத்த இடம் அப்படியே இருந்தது. சிரிப்பு தானாக நின்றுவிட்டது.

பால்கனிக் கதவுக்கு முன்னால் தினமும் ஒரு போராட்டம். அடியில் ஒரு உதை விட்டால்தான் அது திறக்கும் என்று ஊருக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு நாள் உதைத்துக் காட்டினேன். காவலர் ஓடி வந்து, கலைப்பொருளை உதைக்கிறியே, உனக்கு அறிவிருக்கா என்று சத்தம் போட்டார். என் வீட்டுக் கதவுய்யா இது என்றேன். அவர் நம்பவில்லை. பொறுப்பாளர் அம்மா வந்து சொன்ன பிறகுதான் விட்டார். இப்போது அவரே எல்லாருக்கும் உதைக்கக் கற்றுக்கொடுக்கிறார்.

அடுத்தது என் வேலை அறைக் கதவு. அதைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைக்கிறேன்.

மேல்பாதிக் கண்ணாடியில் படிந்திருக்கிற, நான் பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் மாவுத் தூசியைத் துடைக்கவே கூடாது என்று நீ எழுதி அனுப்பியிருந்ததாக அந்த ஆட்கள் சொன்னார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால், தூசிக்கு நடுவே காசளவு ஒரு வட்டம் மட்டும் சுத்தமாக இருக்கிறது. ஒரு விரலால் துடைத்த வட்டம். உன் கண் உயரத்தில் இருக்கிறது. எல்லாரும் கொஞ்சம் குனிந்து அதன் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் என் ஸ்டூல், முதுகு காட்டி உட்காரும் திசையில் போட்டிருந்தது. வேறு ஒன்றுமே இல்லை. நான் அந்த ஸ்டூலை வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன், தெரியுமா?

இத்தனை வருடமும் நான் கதவுக்கு உள்ளேயே இருந்தவன். வெளிப்பக்கம் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. எத்தனை தடவை வந்து, எட்டிப் பார்த்து, என் முதுகை மட்டும் பார்த்துவிட்டுக் கூப்பிடாமல் போயிருப்பாய்? வேலையில் இருக்கிறான், தொந்தரவு வேண்டாம் என்று போனாயா? இல்லை, திரும்பிப் பார்க்கிறேனா என்று நின்று பார்த்துவிட்டுப் போனாயா? எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. வருத்தத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். வருத்தமும் இல்லாமல் இல்லை.

அந்த ஸ்டூல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததில் நேரம் போனது தெரியவில்லை. மூடப் போகிறோம் என்று காவலர் குரல் கொடுத்தார். மற்றவர்கள் படுக்கையறைப் பக்கம் இருந்த வெளிவழியில் போய்விட்டார்கள். எனக்கு வந்த வழிதான் போகும் வழி. என் வேலை அறை, பால்கனி, சமையலறை, குளியலறை என்று ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வந்தேன். வாசல் கதவைச் சாத்தினேன். கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று, பழைய சாவி இன்னும் அதிலேயேதான் கிடந்தது. பூட்டினேன். வழக்கம் போல இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பிளைவுட் பலகைக்கு முன்னால் நின்று குட்டிச் சாவியைத் தேடும்போதுகூட உறைக்கவில்லை. தொட்டில் பழக்கம் என்பார்களே, நம்முடையது வாசல் பழக்கம்.

மறுநாள் அங்கே ஒரே அமர்க்களம். கதவு பூட்டியிருக்கிறது, வெளியே வரிசை நிற்கிறது, சாவி யாரிடமும் இல்லை. நீதான் அந்த ஊரிலிருந்து யாரையோ விட்டுப் பூட்டச் சொன்னாய் என்று யாரோ ஒருவர் கிளப்பிவிட, அதுவே செய்தியாகிவிட்டது. செய்தித்தாளில் படத்தோடு போட்டார்கள். வீட்டை விட்டுப் போனவள் திரும்பி வர முடியாது என்பதைக் கலைஞர் ஒரே திருப்பில் சொல்லிவிட்டார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரே திருப்பில்தான் பூட்டினேன், அதுவரை சரி. மீதியை நான் சொல்லவில்லையே! தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு படித்தேன். முழுவதையும் படித்து முடித்த பிறகுதான் சட்டைப் பையைத் தடவினேன்.

உடனே ஓடினேன். அங்கே இன்னொரு வேடிக்கை. திறந்திருந்தபோது வந்ததைவிடப் பூட்டிய கதவைப் பார்க்க வந்த கூட்டம் அதிகம். சிலர் தட்டுகிறார்கள். சிலர் காதை வைத்துக் கேட்கிறார்கள். ஒரு பெண் தட்டிவிட்டு, நான்தான் என்று மெல்லச் சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரிந்திருக்காது. பொறுப்பாளர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சாவியைக் காட்டினேன். அவர் முதலில் வெளுத்துப் போனார், அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, தயவு செஞ்சு திறந்துடாதீங்க, அவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குறேன் என்றார். அதற்குத்தான் உன் ஒற்றை வரி வந்தது.

நல்ல மனுஷிதான் அவர், குறை சொல்ல மாட்டேன். அந்தக் காசளவு வட்டத்தின் மேல் விரல் பட்டுவிடக் கூடாது என்று காவலரிடம் தினமும் சொல்கிறார். அவரிடம் ஒரு நாள் அந்த வரிசையைப் பற்றிக் கேட்டேன். வீட்டை விட்டுப் போவதைப் பற்றிய படைப்பு, சுவரில் எழுதியிருக்கிறதே என்றார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து படுத்தபோதுதான் காதில் கேட்டது. நீ வெளியே போய்விட்டு வந்தால் வாசல் கதவு சத்தம் கேட்கும். நேராகப் போய்க் கை கால் கழுவுவாய். சமையலறையில் தண்ணீர் குடிப்பாய். பால்கனியில் காயும் துணியை எடுப்பாய். அப்புறம் என் கதவுப் பக்கம் ஒரு நிமிடம் சத்தமே இருக்காது. பிறகு படுக்கையறை. முதுகைத் திருப்பிக்கொண்டு நான் தினமும் கேட்ட வரிசை அது. போவதா, வருவதா? ஒருவேளை நானாகவே என் ஆசைக்கு ஒரு கதை கட்டிக்கொள்கிறேனோ என்னவோ. நீதான் சொல்ல வேண்டும்.

இப்போது முக்கியமான சங்கதி. அந்த ஆறு கதவையும் நிரந்தரமாக வாங்கி வைத்துக்கொள்ள நினைக்கிறார்கள். வாசல் கதவு பூட்டியபடியே இருக்குமாம், இரண்டு சாவியையும் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்களாம். உனக்கு அது பற்றி எழுதுவார்கள். என் சாவியைக் கேட்டார்கள், அவள் கையில்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். இன்னொன்று எங்கே என்றார்கள். வீட்டுக்கு வந்து ஆணியில் பார்த்தேன், உன் சாவி இல்லை. அலமாரி, மேசை, உன் பழைய கைப்பை எல்லாம் பார்த்தேன், எதிலும் இல்லை. அப்படியானால் அது உன்னோடுதான் வந்திருக்கிறது. கதவைக் கழற்றக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தக் கதவின் சாவியை எதற்கு எடுத்துப் போனாய்? மறதியா, இல்லை தெரிந்தே எடுத்துப் போனாயா? இந்த ஒன்றை மட்டும் எனக்கு எழுது.

கதவு போனால் போகட்டும், எனக்கு அதில் ஒன்றும் இல்லை. மூன்று வருடத்தைப் பற்றியும் நான் வாய் திறக்க மாட்டேன். என்னைக் கேட்டால் போய் இரு, நான் நன்றாக இருக்கிறேன் என்று பொய்தான் சொல்வேன். ஆனால் ஒன்று சொல்லலாம். அந்த ஊரில் பல் செட் செய்கிறவர்களுக்கு என்ன படிப்பு, என்ன உரிமம் கேட்கிறார்கள் என்று யாரிடமாவது விசாரித்து வை. பல் எல்லா ஊரிலும் விழத்தான் செய்கிறது.

தச்சர் நேற்று வந்து அளவெடுத்துப் போனார். புதுக் கதவுக்கு இன்னும் சரி என்று சொல்லவில்லை. இங்கே போடுவதா, வேறெங்காவதா என்று என் மனைவி எழுதிய பிறகு சொல்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எங்கே போட்டாலும் பூட்டுக்குச் சாவி ரெண்டு வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். இந்த முறை நான் கதவைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன்,
பல்லுக்காரன்