சிடியை எடுக்காத கம்ப்யூட்டர்

ஜூன் 12, வியாழன்

ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. நேற்று கரண்ட் நாலைந்து முறை போய் வந்தது. இன்று கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரை. மேலே ஒரே ஒரு வெள்ளை வரி: சிஸ்டம் டிஸ்க்கைப் போட்டு எண்டரைத் தட்டு. தட்டினேன். கீழே அதே வரி இன்னொன்று. தட்டத் தட்ட அதே வரி.

இன்று டைப் செய்து கொடுக்க வேண்டியவை:
– கல்யாணப் பத்திரிகை, ஒன்று
– பயோடேட்டா, மூன்று பேருக்கு
– கோயில் பாட்டுத் தாள் (ஞாயிறு பூசைக்கு)
எதுவும் நடக்காது.

பாஸ்கருக்குப் போன் போட்டேன். திருவொற்றியூரில் கடை வைத்திருக்கிறான், இந்த கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்தவன். "அட, இதுக்கா பேஜாராவுற? அன்னிக்கு ஒரு சிடி குட்த்தேன்லக்கா, அத்த போட்டு ஏத்து. உள்ள கீறதெல்லாம் அழிஞ்சிட்டு புச்சா வந்துடும்."

அழிந்தால் அழியட்டும். டைப் செய்ததெல்லாம் அச்செடுத்துக் கொடுத்தாகிவிட்டது. சிடியைத் தேடி எடுத்தேன், பைபிள் அலமாரியில் இருந்தது. போட்டேன். சர்ரென்று சுற்றியது. விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டி நின்றது. அதே வரி. பதினோரு முறை முயற்சி.

இது வீட்டுக்கு வந்த நாள் ஞாபகம். மூன்று வருடம் முன்பு, மீன்பாடி வண்டியில், பழைய போர்வை சுற்றி. மானிட்டரை வண்டியில் வைக்க விடாமல் என் வீட்டுக்காரர் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். "ஒத்து, ஒத்து! கம்ப்யூட்டரு வருது, ஒத்து!" தெரு முழுக்க ஒதுங்கி நின்றது. மாதா கோயில் திருநாளுக்குத் தேர் வருகிற மாதிரி. வெட்கமாக இருந்தது எனக்கு. எவ்வளவு சந்தோஷம் அன்று.

ஜூன் 13, வெள்ளி

அந்தோணியார் நாள். கோயிலில் மந்திரித்த ரொட்டி கொடுத்தார்கள். என் வீட்டுக்காரருக்குப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தேன், ஆபரேஷனுக்குப் பிறகு கெட்டியானது இறங்குவதில்லை.

பாஸ்கர் போனில் சொல்லச் சொல்ல நான் செய்தேன். முதலில் மூடியைக் கழற்றினேன். உள்ளே கரித்தூள்! துறைமுகத்து நிலக்கரி எல்லாம் எங்கள் ஜன்னல் வழியாக இதற்குள்தான் இறங்கியிருக்கிறது போல. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன். சிடி டிரைவின் வயரைப் பிடுங்கி மறுபடி செருகினேன். சிடியையும் மெல்லிய துணியால் துடைத்தேன். "நடுவுலேந்து வெளில துடைக்கா, வட்டமா துடைக்காத."

அப்புறம் ஆன் செய்தவுடனே டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீலத் திரை வருகிறது. எதை முதலில் பார்ப்பது என்று அதில் ஒரு பட்டியல். முதலில் பிளாப்பி, பிறகு ஹார்டு டிஸ்க், கடைசியில்தான் சிடி. அதான் சங்கதி! சிடியை முதல் இடத்துக்கு மாற்றினேன். நாற்பத்தாறு வயதில், நானே. சேவ் செய்து வெளியே வந்தேன்.

சர்ர். இரண்டு சிமிட்டல். அதே வரி.

அழுகையே வந்துவிட்டது. அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "அழியுமா?"

"ஆமா, அல்லாம் அழிஞ்சி புச்சா வருமாம்."

சிலேட்டைத் துடைத்தார். எதையோ எழுதப் போனார், எழுதவில்லை. எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டதற்குத் தலையாட்டி வேண்டாம் என்றார். ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம். கோபமா, வலியா, இரண்டுக்கும் அதே முகம்தான் இப்போது.

ஹார்பரில் கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுகிற வேலை அவருக்கு. மேலே இருக்கிற டிரைவருக்குக் காது கேட்கிற மாதிரி "ஆரியா, ஆரியா" என்று கத்த வேண்டும், இறக்கு என்று அர்த்தம். அந்தத் தொண்டைதான். வேலை முடிந்து வரும்போது தெருமுனையிலிருந்தே என் பெயர் கேட்கும். உலை வைக்க அதுதான் எனக்கு மணி. கேன்சர் என்று குரல் பெட்டியையே எடுத்துவிட்டார்கள்.

இன்று உட்கார்ந்து அந்தக் குரலை நினைத்துப் பார்த்தேன். சொன்ன வார்த்தைகள் எல்லாம் வருகின்றன. குரல் வரவில்லை. எட்டே மாதத்தில்.

ஜூன் 14, சனி

மேகமூட்டம். மழை இல்லை. புழுக்கம்.

பதினோரு மணிக்கு பாஸ்கர் நேரில் வந்தான். அந்த சிடியைத் தன் கடையில் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லி எடுத்துப் போனான். ஒரு மணிக்குப் போன். "ஐயோக்கா, மன்ச்சிக்க. இத்துல ஃபைலுங்கள மட்டும்தான் காப்பி பண்ணிகீறேன். இத்த வெச்சிக்கினு கம்ப்யூட்டரு எய்ந்துக்கவே எய்ந்துக்காது. மூணு நாளா உன்ன சும்மா அலைய வுட்டேன். திங்கக்கெய்ம நல்ல சிடியா எட்த்தாரேன்."

திட்டினேன். வாங்கிக்கொண்டான்.

நாலு மணிக்கு மஸ்கட்டிலிருந்து மகள் ஜெனியின் போன். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. வழக்கமான பேச்சு: சம்பளம், வெயில், மாப்பிள்ளை பார்ப்பது. பேச்சுவாக்கில் கம்ப்யூட்டர் கதையைச் சொன்னேன்.

"ம்மா! அழிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல. சிடியே எடுக்கலடி."

அப்போதுதான் சொன்னாள். ஆபரேஷனுக்கு அவள் லீவு போட்டு வந்திருந்தாள் அல்லவா. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம் நான் கோயிலுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போயிருந்தபோது, அவர் இவளைக் கூப்பிட்டு, மைக்கை மாட்டச் சொல்லி, பேசிப் பதிவு செய்திருக்கிறார். எனக்காக.

"நைனா சத்தியம் வாங்கிகிச்சும்மா. நான் செத்தா மட்டும் அம்மாகைல குடு, பொயச்சிக்கினா சொல்லாதன்னுச்சு. அதான் சொல்லல. சி டிரைவுல என் பேருல கீற ஃபோல்டருல கீது."

போனை வைத்த பிறகும் அங்கேயே நின்றேன். பாஸ்கர் கொடுத்தது நல்ல சிடியாக இருந்திருந்தால் வியாழக்கிழமை பத்து மணிக்கே, என் கையாலேயே.

உள்ளே போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். போனில் நான் பேசியது கேட்டிருக்கும்.

"இன்னா பேசி வெச்சிகீற எனக்கு?"

சிலேட்டு: "மறந்துட்டேன்."

பொய். இருபத்தாறு வருடத்தில் இவர் பொய் சொல்லும்போது மூக்கைத் தேய்க்காத நாள் இல்லை.

"அழிக்க வேணாம்னு ஏன் எயுதிக் காட்டல வெள்ளிக்கெய்ம?"

சிலேட்டைத் துடைத்து எழுதினார்: "செத்தவன் பேச்சு அது. நான்தான் இருக்கேனே."

ராத்திரிக்குக் கஞ்சி, சுட்ட நெத்திலி (எனக்கு).

ஜூன் 16, திங்கள்

நல்ல காற்று கடலிலிருந்து.

பதிவு விஷயத்தை பாஸ்கருக்குப் போனில் சொன்னேன். கம்ப்யூட்டர் முழுவதும் வேண்டாம், ஹார்டு டிஸ்க் மட்டும் கடைக்குக் கொண்டு வந்தால் போதும் என்றான். அவன் மெஷினில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டினால் உள்ளே இருப்பதை எடுத்துவிடலாமாம். நானே கழற்றினேன், நாலு ஸ்குரூ. ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால், அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். கழுத்து ஓட்டையை மறைக்கக் கைக்குட்டை கட்டியாகிவிட்டது. எட்டு மாதமாக ஆஸ்பத்திரி தவிர எங்கும் வராதவர்.

பஸ்ஸில் டிஸ்க்கை அவரே வாங்கி வைத்துக்கொண்டார். காசிமேட்டில் ஏறிய ஒருவர், "இன்னா சவரி, எப்டி கீற? ஆளையே காணோம்!" என்றார். இவர் கையை உயர்த்திச் சிரித்தார். ஏறியவருக்கு விஷயம் தெரியவில்லை. இவர் பதில் பேசுவார் என்று பார்த்துக்கொண்டே வந்து, அடுத்த ஸ்டாப்பில்தான் புரிந்துகொண்டார். தோளைத் தட்டிவிட்டு இறங்கினார்.

கடையில் மாட்டினான். மெஷினுக்கு இப்படி ஒரு டிஸ்க் இருப்பதே தெரியவில்லை. பாஸ்கர் அசரவில்லை. டிஸ்க்கின் பின்னால் இருக்கும் கடுகளவு தொப்பி ஒன்றைப் பிடுங்கி, ஒரு கம்பி தள்ளி மாட்டினான். "ரெண்டும் நாந்தான் பெரியவன்னு நின்னுக்கினு இருந்துச்சுக்கா. இப்ப ஒண்ணு எறங்கிடும்."

வந்தது. ஜெனி பெயரில் ஃபோல்டர். உள்ளே ஒரே ஃபைல்.

"போடவா மாமா?" என்று அவரைத்தான் கேட்டான். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

முதலில் ஃபேன் சத்தம், எங்கள் வீட்டு ஃபேன். பிறகு:

"அலோ... வருதா? இப்பவா? ...பிலோ. அடியே பிலோ! வந்துட்டேன், கதவத் தொற! ...இப்டித்தான கூப்புடுவேன், அதான். நாளைக்கு இன்னா ஆவும்னு தெரில. அயாத. அந்த கம்ப்யூட்டர வுட்றாத, நல்லா தட்டுற. ஜெனிக்கு நல்ல பையனா பாரு, குடிக்காதவனா பாரு. அப்பால... உன்ன எத்தினியோ தபா கத்திகீறேன். ஹார்பருல கத்தி கத்தி அந்த வாயி. அத்தெல்லாம் கணக்குல வெச்சிக்காத. அவ்ளோதான். நிறுத்துமா. எப்டி நிறுத்துறது இத்த?"

முடிந்தது. பாஸ்கர் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

அவர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் இல்லாத தம்பி திடீரென்று எதிரில் வந்து நின்ற மாதிரி. விரலை உயர்த்தி, இன்னொரு முறை என்று காட்டினார். மூன்று முறை கேட்டோம். மூன்றாவது முறை, "எப்டி நிறுத்துறது இத்த?" வந்தபோது தோள் குலுங்க, சத்தமே இல்லாமல் சிரித்தார். நான் அழுதேன். கணக்கில் வைக்கவே இல்லை என்று சொன்னேன். அவருக்குக் கேட்டிருக்கும்.

இரண்டு சிடியில் எழுதிக் கொடுத்தான். ஒன்று எங்களுக்கு, ஒன்று ஜெனிக்கு.

ஜூன் 17, செவ்வாய்

பாஸ்கரின் புது சிடி. சர்ரென்று சுற்றியது, நிற்கவில்லை. ஏதாவது ஒரு பட்டனைத் தட்டு என்று புது வரி. தட்டினேன். பழையதை அழிக்கட்டுமா என்று கேட்டது. அவரைப் பார்த்தேன். அழி என்று கை காட்டினார், சரக்கை இறக்கச் சொல்கிற அதே கை.

ஒரு மணி நேரம் ஓடியது. புது நீலத் திரை. ஒன்றுமே இல்லை அதில். தமிழ் எழுத்து இனிமேல்தான் ஏற்ற வேண்டும். பாட்டுத் தாள் ஞாயிறு போய்விட்டது, ஃபாதர் ஒன்றும் சொல்லவில்லை. பத்திரிகை நாளை. ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து சும்மா தட்டிப் பார்த்தேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கீபோர்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். ஒற்றை விரல். பி. எச். ஐ. எல் எங்கே என்று தேடினார், கிடைத்தது. ஓ. என் பெயர். இடம் விடுகிற நீளப் பட்டனை நான் காட்டிக் கொடுத்தேன். பிறகு டி. ஈ. ஏ.

"டீயா?"

தலையாட்டினார். போடப் போனேன். பின்னால் இன்னும் தட்டும் சத்தம்.