பனியனில் இருந்த காலேஜ் பெயர்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

மூக்குக்கண்ணாடி உடையாமல் வந்தது. ஆனால் அதைப் போய் என் காலேஜ் பனியனிலா சுற்றி அனுப்புவாய்? லிஃப்ட் மெக்கானிக்குகளோடு வேலை பழகும் இந்த ஆறு மாதமும், "சும்மா ஒரு காலேஜ்" என்றே சொல்லிவந்தேன்.

பெரிய மெக்கானிக் அண்ணன் பனியனை விரித்துப் பார்த்தார். "அடப்பாவி, அந்தப் பெரிய காலேஜாடா நீ?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலையில், தினமும் என் தலையில் தட்டிக் கூப்பிடும் அதே அண்ணன் ஸ்டூலைத் துடைத்துவிட்டு, "உட்காருங்க சார்" என்றார். தூக்கிவாரிப்போட்டது அம்மா. கிண்டலோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை.

அடுத்த பார்சலைப் பழைய பேப்பரில் சுற்று. வேன் வந்துவிட்டது, முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். என்னை 'டா' போட்டுக் கூப்பிட இப்போது நீ ஒருத்திதான்.

உன் மகன்