பாப்பா அழுவதே இல்லையாமே

புதுக்காலனி,
கச்சிராயபாளையம் ரோடு,
கள்ளக்குறிச்சி தாலுகா.
14-2-1998

அன்பு மகள் கமலாவுக்கு அம்மா செல்லியம்மாள் எழுதிக்கொண்டது. நானும் உன் அப்பாவும் மாரியாத்தா புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் பெங்களூரில் நலம் என்று எழுதியிருக்கிறாய். நீங்கள் இரண்டு பேரும் நலம் என்பதை நம்புகிறேன், பாப்பா நலம் என்பதை நம்பவில்லை. எடுத்த எடுப்பிலேயே இப்படி ஆரம்பிக்கிறாளே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு கடிதத்தை மடித்து வைத்துவிடாதே, கடைசி வரை படி.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஓரத்தில் லேசாகப் பிரிந்திருந்தது, போஸ்ட்மேனைக் கேட்டால் பசை சரியில்லை என்கிறான், அவன் படித்திருப்பான் என்றுதான் எனக்குப் படுகிறது, அது கிடக்கட்டும். முதல் தடவை படித்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. உன் அப்பாவுக்கு ஒரு தடவை படித்துக் காட்டினேன், அப்போது ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடியும் மேலிருந்து படித்தேன். மூன்றாவது தடவை பால்வாடி அடுப்பில் பருப்பு வேகிற நேரத்தில் எனக்கு நானே படித்தேன், பருப்பு அடிப்பிடித்தது கூடத் தெரியவில்லை. உன் அப்பாவிடம் சொன்னால், நல்ல சேதி வந்தா கூட ஒனக்கு ஆவாதா, இன்னா பொம்பளடி நீ என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கரும்பு லோடு ஏற்றப் போய்விட்டார். அவருக்கு என்ன தெரியும். இருபத்திரண்டு பிள்ளைகளைப் பதினைந்து வருஷமாகத் தினமும் பார்க்கிறவள் நான், ஒரு பிள்ளை எதற்கு அழுகிறது எதற்கு அழவில்லை என்று எனக்குத் தெரியும்.

நீ எழுதியதையே உனக்குத் திருப்பி எழுதுகிறேன், பார். எம்மா, பாப்பா இப்பல்லாம் அழுவறதே இல்ல, பார்த்துக்கிற ஆன்ட்டி தங்கமானவங்க, சாயங்காலம் கூப்பிடப் போனா தூங்கிக்கினே இருக்கா, வூட்டுக்கு வந்தும் தூங்கறா, எனக்கு தொந்தரவே இல்ல. இது உன் எழுத்துதானே. கமலா, தீபாவளிக்கு நீங்கள் வந்தபோது சேலத்தில் பஸ் ஏறியதிலிருந்து சின்னசேலம் வரை இவள் போட்ட கத்தலில், இந்த பாப்பா இருந்தா எனக்கு ஹாரனே வாணாம் என்று டிரைவர் சொன்னதாக மாப்பிள்ளை சொல்லிச் சொல்லிச் சிரித்தாரே. அந்தப் பிள்ளை மூன்று மாதத்தில் எங்கே போனாள்? பதினாலு மாதப் பிள்ளை சாயங்காலம் அம்மா முகத்தைப் பார்த்ததும் தாவ வேண்டும், இல்லாவிட்டால் ஏன் இவ்வளவு நேரம் விட்டுவிட்டுப் போனாய் என்று அடிக்க வேண்டும். தூங்கக் கூடாது. தீபாவளிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் இப்போது உட்கார்ந்தே இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய், சோம்பேறியாகிவிட்டாளாம், அப்பா மாதிரியாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போட்டோவையும் பார்த்தேன். ஆன்ட்டி இடுப்பில் பாப்பா பாதிக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறாள், பிளாஷ் அடித்ததில் கண் கூசிவிட்டது என்கிறாய். பக்கத்தில் நிற்கிற இரண்டு பிள்ளைகளுக்கும் ஏன் கூசவில்லை? ஆன்ட்டியின் முகத்தையும் பூதக்கண்ணாடி இல்லாத குறையாகப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. யார் முகத்தில்தான் தெரிகிறது.

கடைசியாக ஒன்று எழுதியிருந்தாய், பாப்பா வாயில் எப்போதும் ஏலக்காய் போட்ட பாயசம் மாதிரி நல்ல வாசனை வருகிறது, ஆன்ட்டி பாலில் ஏலக்காய் தட்டிப் போடுவார் போல, அந்த வாசனையை மோந்தாலே எங்கேயோ சின்ன வயசில் மோந்த மாதிரி இருக்கிறது, நம் வீட்டு ஞாபகம் வருகிறது என்று. அந்த வரியில்தான் எனக்குப் பிடிபட்டது. பத்துப் பிள்ளைகளை ஒரு அறையில் வைத்துப் பார்க்கிறவள் வேளைக்கு வேளை ஏலக்காய் தட்டிப் போடுவாளா? நம் வீட்டில்தான் என்றைக்கு ஏலக்காய் வாங்கினோம்?

எதை வைத்து இப்படிச் சந்தேகப்படுகிறேன் என்று கேட்பாய். பொங்கல் முடிந்ததும் கல்வராயன் மலையிலிருந்து கரும்பு வெட்ட வந்தவர்கள் ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கிறார்கள். அதில் இருசம்மாள் என்று ஒருத்தி, புருஷன் பெயர் சின்னக்கண்ணு, இரண்டு பேரும் வெட்டுக்குப் போகிறார்கள். மூன்று வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து நம் பால்வாடியில் விடுவாள், பத்து மாதக் கைக்குழந்தையைக் காட்டு ஓரத்தில் வேல மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிடுவாள். ஒரு நாள் தூறல் போட்டதால் அதையும் தூக்கிக்கொண்டு வந்து, இன்னைக்கு மட்டும் பார்த்துக்க ஆயா என்று மூலையில் படுக்க வைத்துவிட்டுப் போனாள். காலை ஒன்பது மணிக்குப் படுத்த பிள்ளை மூன்று மணி வரை அசையவில்லை. உதட்டில் ஈ உட்கார்ந்தது, அதற்கும் அசையவில்லை. குனிந்து வாயை மோந்து பார்த்தேன். ஜாதிக்காய். குளிப்பாட்டிய பிள்ளைக்கு வயிற்றுக்கு நல்லது என்று கல்லில் ஒரு சுற்று உரசி நாக்கில் தடவுவார்களே, அது இல்லை இது, பத்து சுற்று பதினைந்து சுற்று உரசிப் பாலில் கலக்கிக் கொடுத்தது. சாயங்காலம் அவள் வந்ததும் பிடித்துக்கொண்டேன், நீயெல்லாம் தாயா, பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறாயா என்று நாலு பேர் கேட்கிற மாதிரி கத்தினேன். அவள் தலை குனியவில்லை. கரும்பு கட்ட தலையில ஏத்தறப்ப இது வரப்புல கெடந்து அழுதா நான் இன்னா பண்றது, நீ வெச்சிக்கிறியா என்றாள். இரண்டு வயது முடியாத பிள்ளையை ரிஜிஸ்டரில் எழுத மாட்டார்கள், வைத்துக்கொள்ள முடியாது என்றேன். அப்ப பேசாத என்று சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போய் நானே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் உடனே கொடுத்துவிடவில்லை, எதற்கு, ஏன், யார் சொன்னது என்று என்னைத் துருவித் துருவிக் கேட்டாள். அவளுக்கு என் மேல் சந்தேகம். டீச்சருக்கோ பயம், ஆபீசர் வந்து பார்த்தா எனக்கும் போவும் ஒனக்கும் போவும் ஆயா என்கிறாள். யார் கேட்டாலும் என் பேரப்பிள்ளை என்று சொல்லிக்கொள்கிறேன் என்றேன். முதல் மூன்று நாள் அந்தப் பிள்ளை அழுத அழுகை இருக்கிறதே, அப்பா, ஊரே வந்து எட்டிப் பார்த்தது. நாலாம் நாள் இரண்டு வாய் பருப்புச் சோறு தின்றது. போன வாரம் தொங்குகிற தராசில் போட்டு நிறுத்தோம், எடை அட்டையில் கோடு லேசாக மேலே ஏறியிருக்கிறது. இப்போது என் புடவை முந்தானையைப் பிடித்து எழுந்து நிற்கிறது, நேற்று டீச்சர் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்கும் மலைப் பிள்ளைகளுக்கும் ஆயாவாக இருக்கிறேன், என் பேத்திக்கு ஆயாவாக இருக்க எனக்குக் கொடுப்பினை இல்லை.

அதனால் நான் சொல்கிறபடி செய். ஒரு நாள் கம்பெனியில் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டுக் காலை பதினொரு மணிக்கு அந்த ஆன்ட்டி வீட்டுக்குப் போ. முன்னாடி சொல்லாதே, அவள் வீட்டுக்குக் கீழே இருக்கிற கடைக்குப் போன் போட்டும் சொல்லி வைக்காதே, உன் கூட வேலை செய்கிறவளிடம் கூடச் சொல்லாதே, அவள் பிள்ளையும் அங்கேதானே இருக்கிறது, வாய் தவறும். கதவைத் தட்டிவிட்டு எவ்வளவு நேரத்தில் திறக்கிறாள் என்று பார். பதினொரு மணிக்குப் பிள்ளைகள் விளையாட வேண்டும், சண்டை போட வேண்டும், மூக்கு ஒழுக வேண்டும். வரிசையாகப் படுத்துக் கிடந்தால் ஒரு வார்த்தை பேசாமல் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. அடுப்பங்கரைப் பக்கம் தண்ணீர் கேட்கிற மாதிரி போய் ஜாதிக்காய் உரசுகிற கல் ஈரமாக இருக்கிறதா, பிள்ளைகளைத் தூங்க வைக்கிற சளி மருந்து பாட்டில் எத்தனை இருக்கிறது என்று கண்ணை ஓட்டு. நான் நினைப்பது தப்பாக இருந்தால் நல்லது, ஆன்ட்டிக்கு நான் கை எடுத்துக் கும்பிட்டு ஒரு கடிதம் எழுதுகிறேன். ஆனால் தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு மூன்று நாள் டிரெய்னிங் வைத்தார்கள். நிறையப் பெண்கள் வேலை செய்கிற கம்பெனியில் பிள்ளைகளுக்கு என்று ஓர் அறையும் பார்த்துக்கொள்ள ஆளும் போட வேண்டும், சட்டமே இருக்கிறது என்று அங்கே வந்த அம்மா சொன்னார். அந்த மாதிரி ஓர் அறை உங்கள் கம்பெனியில் இருக்கிறது, அதில் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று நீதானே தீபாவளிக்குச் சொன்னாய். நீ தனியாகப் போய்க் கேட்டால் உன்னை வேலையை விட்டு அனுப்பப் பார்ப்பார்கள், நாலு தாய்மார்களாகச் சேர்ந்து போங்கள். சூப்பர்வைசர் சரி சரி என்று சிரித்துக்கொண்டே தலையாட்டினால் நம்பாதே, பெட்டியை எடுத்து வெளியே வைக்கிற வரைக்கும் நம்பாதே.

இப்போது எழுதப் போவதை உன் அப்பாவுக்கு நான் சொன்னதில்லை, யாருக்கும் சொன்னதில்லை. இருசம்மாளை நான் அவ்வளவு கத்தினேனே, கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரியும் யாரைக் கத்துகிறேன் என்று. நீ பிறந்தபோது நம் ஊரில் பால்வாடி கிடையாது. உன்னை வரப்பில் போட்டுவிட்டு நான் நடவுக்கு இறங்குவேன். நீ அழுதால் மேலே ஏற முடியாது, ஏறினால் மறுநாள் கூப்பிட மாட்டார்கள். அந்த வாசனையை எங்கேயோ மோந்த மாதிரி இருக்கிறது என்று எழுதினாயே, அது என் கையில் மோந்தது கமலா. முதலில் இரண்டு சுற்று உரசினேன். பிறகு ஐந்து. பிறகு எண்ணவில்லை. நீ அழவே இல்லை. செல்லியம்மா பொண்ணு தங்கம், தொந்தரவே கெடையாது என்று நடவுக்காரிகள் எல்லாரும் சொன்னார்கள், நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டேன். ஒரு நாள் மதியம் பால் கொடுக்க எழுப்பினால் நீ எழவில்லை. தட்டினேன், தண்ணீர் தெளித்தேன், தலை தொங்கிப் போனது. சேற்றுக் காலோடு உன்னைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடி, சுண்ணாம்பு வண்டி ஒன்றில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்ன கொடுத்தாய் என்று டாக்டர் மூன்று தடவை கேட்டார். ஒன்னும் கொடுக்கலைங்க என்றேன். மூன்று தடவையும் அதையே சொன்னேன். என் பிள்ளை கண்ணை மூடிக் கிடக்கிறது, உண்மையைச் சொன்னால் பிழைக்கும், அப்போதும் சொல்லவில்லை. என்னைத் திட்டுவார்களே என்று பயம். நீ பிழைத்தது உன் ஆயுசு கெட்டி, என்னால் இல்லை.

அதனால் அந்த ஆன்ட்டி கெட்டவள் என்று நான் சொல்லவில்லை. நானும் கெட்டவள் இல்லை. பத்துப் பிள்ளை, இரண்டு கை. ஆனால் தங்கமானவள் என்று நீ எழுதியதைப் படித்ததும் என்னையும் அப்படித்தான் சொன்னார்கள் என்று ஞாபகம் வந்தது, அதிலிருந்து என் மனசு ஒரு நிலையில் இல்லை. டாக்டர் கேட்டால் நீ ஒளிக்காதே, வாசனை வந்தது என்று சொல்லிவிடு, உன்னைத் திட்டினால் திட்டட்டும். வேறு வழியில்லை என்றால் பாப்பாவை இங்கே கொண்டுவந்து விடு, இருசம்மாள் பிள்ளையோடு இவளும் இருக்கட்டும், ஆபீசரிடம் இரட்டைப் பிள்ளை என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் என்னிடம் விட்டாலும் சொல்லாமல் ஒரு நாள் பதினொரு மணிக்கு வந்து பார். என் வாயைப் பார்க்காதே, பிள்ளை வாயை மோந்து பார்.

மாப்பிள்ளை பழனியைக் கேட்டதாகச் சொல். படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு என்று எழுத வந்தேன், வேண்டாம், அவருக்கும் படித்துக் காட்டு. உனக்கும் அவருக்கும் பாப்பாவுக்கும் மாரியாத்தா துணை இருப்பாள், நூறு வருஷம் நன்றாக இருங்கள். நீ ஒழுங்காகச் சாப்பிடு. உடனே பதில் போடு, நீட்டி எழுத வேண்டாம், எல்லாரும் நலம் என்றும் எழுத வேண்டாம். பாப்பா அழுதாள், வீடே ரெண்டாகிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்துவிட்டாள் என்று ஒரு வரி எழுது, எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா
செல்லியம்மாள்