பாட்டிலில் பேர் எழுதுவதில்லை

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. எல்லோரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் என் வழக்கம், இந்தத் தடவை ஒவ்வொருவராகத்தான் சொல்ல முடியும். நான் நலம். உன் அம்மா முழங்கால் வலியோடு நலம். உன் மனைவி வயிற்றுத் தையலைக் கையால் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, அவளைப் பற்றி இனிமேல் பயமில்லை என்கிறார் டாக்டர். உன் மகள் பொடிசு இருக்கிறாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள், மூச்சு அவளே விடுகிறாள், அதற்கு மேல் என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று போனில் நான் சொன்னதெல்லாம் பக்கத்தில் உன் மனைவி நின்றதால் சொன்னது. அவள் இல்லாத நேரம் பார்த்துப் பேசலாம் என்றால் அந்த நேரம் நீ வேலையில் இருக்கிறாய். உன் கம்பெனிக்குப் புதிதாக வரும் வெல்டர் தம்பி நாளைக்குக் கிளம்புகிறார் என்று கேள்விப்பட்டேன், அவர் கையில் கொடுத்தனுப்பத்தான் இதை எழுதுகிறேன். படித்ததும் கிளம்பி ஓடிவர நினைக்காதே. லீவு இல்லை என்று அவர்கள் சொன்னதையும், வேலையே வேண்டாம் என்று நீ குதித்ததையும் உன் அம்மா சொன்னாள். வந்து என்ன செய்வாய்? இங்கேயே இருந்து நான் என்ன செய்து கிழித்துவிட்டேன்?

விஷயம் பால். இதைப் பற்றியெல்லாம் மகனுக்கு எழுதுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை, நீயே எழுது என்று உன் அம்மாவிடம் பேனாவை நீட்டினேன், அவள் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். உன் மனைவிக்கு இன்னும் பால் ஊறவில்லை. ஆபரேஷன், தீவிர சிகிச்சை, மருந்து, பயம் எல்லாம் சேர்ந்து உடம்பு திகைத்துப்போய்க் கிடக்கிறது என்கிறார் சிஸ்டர். குழந்தைகள் வார்டுக்குப் பக்கத்தில் பால் எடுக்கும் அறை என்று ஒன்று இருக்கிறது, திரை போட்ட நாற்காலிகள், ஆளுக்கொரு பம்ப். அதில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாள், வரும்போது பாட்டிலைத் துண்டில் சுற்றி மறைத்துக்கொண்டு வருகிறாள், மாமா பார்த்துவிடக் கூடாதாம். பார்க்க அதில் என்ன இருக்கிறது, அடியில் கொஞ்சம் ஈரம். அந்த ஈரத்தையும் சிஸ்டர் வீணாக்குவதில்லை, பஞ்சில் ஒற்றிப் பொடிசின் வாய்க்குள் தடவுகிறார். பொடிசுக்கு இன்னும் உறிஞ்சத் தெரியாது, வாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்று வயிற்றுக்குப் போகிறது, அதில்தான் ஊற்ற வேண்டும். பவுடர் பால் ஊற்றலாமே என்று கேட்டேன். மாதம் முடியாமல் பிறந்த குடல் அதைத் தாங்காமல் போகலாம், குடலே புண்ணாகி அழுகிவிடக்கூட வாய்ப்பு உண்டு, வேறொரு தாயுடையதாக இருந்தாலும் தாய்ப்பால்தான் நல்லது என்றார்கள். அதற்கென்றே அங்கே ஒரு பால் வங்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளை பெற்ற பெண்கள் தங்கள் பிள்ளைக்குப் போக மிஞ்சியதைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், அதைச் சூடாக்கிக் கிருமியைக் கொன்று, சோதித்துப் பார்த்து, உறையவைத்துக் கொடுப்பார்கள். நம் பிள்ளைக்கும் கொடுங்கள் என்றேன். சிஸ்டர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்த அறையைக் காட்டினார். கம்ப்ரெஸர் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன், ஃப்ரீசர் அருமையாக ஓடுகிறது. கதவு ரப்பர் புத்தம்புதுசு. உள்ளே அடித்தட்டில் நாலைந்து குட்டி பாட்டில்கள், மேல் தட்டெல்லாம் வெறும் பனி. கெட்டுப்போன ஃப்ரீசராக இருந்தால் அப்போதே ஸ்குரூடிரைவரோடு தரையில் உட்கார்ந்திருப்பேன். நன்றாக ஓடுகிற ஃப்ரீசர் முன்னால் ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு என்ன வேலை? இருக்கிற கொஞ்சம் எடை ரொம்பக் குறைந்த பிள்ளைகளுக்குத்தான் முதலில் போகுமாம், நம் பொடிசு எடை கூடுதலாம். என் ஒரு கையில் படுக்கவைக்கலாம் போலிருக்கிற பிள்ளையைப் பார்த்து எடை கூடுதல் என்கிறார்கள்.

சும்மா இருக்க முடியாதவன் உன் அப்பா. நம் மாடிக்குக் குடிவந்திருக்கும் தையல்காரப் பெண்ணை நீ பார்த்ததில்லை, நீ போன பிறகு வந்தவர்கள். அவளுக்குக் கைக்குழந்தை, கன்னம் இரண்டும் தொங்குகிற குண்டுப் பையன், மிஷின் சத்தத்துக்கு நடுவிலேயே தூங்குவான். உன் அம்மாவை மேலே அனுப்பிக் கேட்கச் சொன்னேன். அந்தப் பெண் மறு பேச்சில்லாமல் ஒரு பாட்டிலைக் கொதிக்கவைத்து அதில் எடுத்துக் கொடுத்தாள். என் தொழில் கர்வம் தலைக்கேறிவிட்டது. கடையில் இருக்கும் ஐஸ் பெட்டியைத் தேய்த்துக் கழுவி, நாலு பக்கமும் ஐஸ் கட்டி அடுக்கி, நடுவில் தெர்மாமீட்டர் சொருகி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போய் இறங்கினேன். சிஸ்டர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, 'கூலிங் பிரமாதம் ஐயா, ஆனா இதை நாங்க தொடக்கூட முடியாது' என்றார். ரத்தம் சோதிக்காத பெண்ணின் பால், வீட்டில் எடுத்தது, அவர்கள் முறைப்படி வந்ததில்லை. கூலிங்கைப் பற்றி உலகத்தில் இருக்கிற எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தேன், கேட்ட கேள்வி வேறு. திருப்பிக் கொண்டுபோய் அந்தப் பெண் முகத்தில் எப்படி விழிப்பது என்று புரியாமல், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குழாயடியில் நின்று நானே கொட்டினேன். காலி பாட்டிலை மூன்று தரம் அலசினேன், சொன்னால் சிரிப்பாய். வீட்டில் வந்து சொன்னபோது அவள் கோபித்துக்கொண்டாள், பாலைக் கொட்டியதற்காக இல்லை, 'என்னையே கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல அங்கிள், பெட்டிய எதுக்குத் தூக்கிட்டுப் போனீங்க' என்றாள். இத்தனை வயதாகியும் என் மூளைக்கு அது எட்டவில்லை பார். மறுநாளே பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னோடு வந்தாள், ரத்தம் கொடுத்தாள், முடிவு நல்லதாக வந்ததும் தினமும் வந்து அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்துவிட்டுத் தையலுக்கு ஓடினாள். அவள் எடுக்கும் வரைக்கும் அந்தக் குண்டன் உன் அம்மாவின் மடியில்.

அந்தப் பால் தயாரான அன்றைக்கு, சிஸ்டர் அதை ஜன்னலோரப் பெட்டியில் இருந்த பையனுக்கு ஊற்றினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என் வீட்டு மாடியிலிருந்து வந்த பால், நான் அலைந்து கூட்டிவந்த பெண், என் பேத்தி நரம்பில் ஏறும் வெறும் குளுக்கோஸில் காய்ந்து கிடக்கிறாள், இது என்ன நியாயம் என்று கத்திவிட்டேன், வாட்ச்மேன் எழுந்து வந்துவிட்டார். சிஸ்டர் கோபப்படவே இல்லை. 'பாட்டில்ல பேர் எழுதறதில்லைங்க ஐயா, பல பேர் பால் ஒண்ணா கலந்துதான் வைப்போம், யாருக்கு முதல்ல வேணுமோ அவங்களுக்குப் போகும்' என்றார். அந்தப் பையன் நம் பொடிசை விடச் சின்னவன். அவனுடைய தாத்தா யார் தெரியுமா, வார்டுக்கு வெளியே பெஞ்சில் தினமும் என் பக்கத்தில் உட்காரும் லாரிக்காரர். நல்ல மனுஷன், டீ வாங்கினால் இரண்டாகத்தான் வாங்கி வருவார், காலுக்குக் கீழே பிரேக் இருக்கிற மாதிரி வலது காலை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு அவர் வந்து, பேரனுக்குப் பால் கிடைத்துவிட்டது, யார் பெத்த மகராசியோ நல்லா இருக்கணும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரியும் யார் என்று. வாயைத் திறக்கவில்லை. வயிறு எரிந்தது என்பதைத்தான் உண்மையாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு தினமும் பேரன் கொஞ்சம் தேறினான் என்று விரலிடுக்கில் அளவு காட்டுவார், நானும் தலையாட்டுவேன், ஆட்டி ஆட்டி எனக்கே அந்தப் பையன் மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. முதலில் அவனை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம் பொடிசிடம் போவேன்.

போன வாரம் அவனுக்கு ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது. பாலால் இல்லை, இந்த அளவுப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வேண்டுமானாலும் வரும் என்கிறார்கள். காலையில் நான் போனபோது ஜன்னலோரப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். லாரிக்காரர் லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார், உள்ளேயும் யாரும் இல்லை, வெளியேயும் யாரும் வரவில்லை. நான் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். அன்றைக்குப் பிற்பகலே சிஸ்டர் வந்து, உங்கள் பேத்திக்கு இன்று முதல் வங்கிப் பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றார். சிரிஞ்சை உயரத் தூக்கிப் பிடித்தார், குழாயில் பால் தானாக இறங்கியது, பொடிசு காலை ஒரு தரம் உதைத்தாள். உன் அம்மா என் தோளில் சாய்ந்து அழுதாள், சந்தோஷ அழுகை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளை பிழைக்க வேண்டும் என்று ராப்பகலாக வேண்டியவன், வேண்டியது கையில் வந்தபோது அதை எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். பாலை ஏற்றுக்கொண்டாள், வயிறு வீங்கவில்லை, அன்றிலிருந்து எடை துளித்துளியாக ஏறுகிறது. இது நல்ல செய்தி, இதை மட்டும் இரண்டு தரம் படி.

முந்தாநாள் லாரிக்காரர் திரும்பவும் வந்தார். டீ இல்லை. பெஞ்சில் உட்கார்ந்ததும், மகளுக்கு இப்போதுதான் பால் பெருகி நெஞ்சு கட்டிக்கொண்டு நிற்கிறது என்றார். 'அவன் இருந்தப்ப வரல, போனப்புறம் வருது சார், இத எங்க போயிச் சொல்றது' என்றார். நிறுத்த வழி சொல்கிறோம், கொடுக்க விருப்பமிருந்தால் கொடுக்கலாம், கட்டாயமே இல்லை என்று சிஸ்டர் சொன்னாராம், அந்தப் பெண் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டதாம். உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று திரையைக் காட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, இது உங்க பேத்திக்குப் போகுமா என்று கேட்டார். பாட்டிலில் பேர் எழுதுவதில்லை என்று எனக்குத் தெரியும். போகும் என்று சொல்லிவிட்டேன். அவர் சரி என்று தலையாட்டினார். மாடி வீட்டுப் பெண்ணுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், மாத்திரை சாப்பிடுகிறாள், அவள் பாலை இப்போது எடுக்க மாட்டார்கள். அடித்தட்டும் காலியாகிக்கொண்டு வருகிறது. ஆகவே நான் சொன்னது பொய்யாக இருக்கவும் வாய்ப்பில்லை.

இதில் இன்னொன்று நடந்துவிட்டது, இதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். அந்த நேரத்தில் உன் மனைவியும் அதே அறையில் அடுத்த நாற்காலியில் இருந்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் பாட்டில் நிறைவதைப் பார்த்திருக்கிறாள், தன்னுடையதைப் பார்த்திருக்கிறாள். எழுந்து வந்தவள்தான், இரண்டு நாளாக அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. விடாமல் எடுத்தால்தான் ஊறும், விட்டால் நின்றே போய்விடும் என்று சிஸ்டர் கெஞ்சுகிறார். உன் அம்மா கெஞ்சுகிறாள். 'அவ பிள்ளை இல்லாம குடுக்கறா மாமா, எனக்குப் பிள்ளை இருக்கு, நான் எதுக்கு இருக்கேன்' என்று என்னிடம் கேட்டாள். ஆரஞ்சு உரித்து வைத்திருந்தேன், அதை நீட்டினேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது. மாமனார் இந்த விஷயத்தில் என்ன பேசுவது, எந்த வார்த்தையை எடுத்தாலும் தப்பாகப் போய்விடும் போல இருக்கிறது.

நீ பேசினால் கேட்பாள். ஒன்றை மறக்காதே, போனை எடுத்ததும் பால் வந்துச்சா என்று கேட்காதே. டாக்டர் அதைத்தான் கேட்கிறார், உன் அம்மா அதைத்தான் கேட்கிறாள், கூட்டிப் பெருக்குகிற அம்மாகூட அதைத்தான் கேட்கிறார். நீ வேறு எதையாவது பேசு, உன் ரூமில் குறட்டை விடுகிற ஆளைப் பற்றிச் சொல், அவள் சிரித்தால் அப்புறம் மெதுவாக, வருகிறதோ வரவில்லையோ அந்த நாற்காலியில் போய் உட்கார் என்று மட்டும் சொல். குளிரில் காதை மூடிக்கொள், பணம் அனுப்ப வேண்டும் என்று கூடுதல் ஷிப்ட் பார்க்காதே.

உனக்கும் உன் மனைவிக்கும் பொடிசுக்கும் என் ஆசிகள், மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நாள் சீக்கிரம் வரட்டும். லாரிக்காரரின் மகளையும் சேர்த்துக்கொள்ளத்தான் நினைக்கிறேன். அவள் நன்றாக இருக்கட்டும் என்று எழுதிவிட்டேன், அடுத்த வார்த்தை வரவில்லை. அவளுக்குப் பால் சீக்கிரம் வற்றட்டும் என்று வேண்டுவதா, வற்றாமல் இருக்கட்டும் என்று வேண்டுவதா, நீயே சொல்லப்பா.

இப்படிக்கு,
உன் அப்பா