மவுஸ் இல்லாத மேசை

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது போதும்.

இன்று காலை அலுவலகக் கதவைத் தள்ளியதும் புது ஃப்ளெக்ஸ் வாடை மூக்கில் ஏறியது. உம் மேசைக்கும் என் மேசைக்கும் பக்கவாட்டில் இருக்கிற சுவரில் நீர் படமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறீர். பட்டுச் சட்டை, சந்தன மாலை, அந்தப் பாதிச் சிரிப்பு. படத்துக்குப் பக்கத்தில் கட்டம் கட்டி வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். சேமிப்பதற்குக் கன்ட்ரோலும் எஸ்ஸும். செய்ததைத் திரும்பப் பழையபடி ஆக்கக் கன்ட்ரோலும் இசட்டும். மேலே உள்ளதைக் கீழே நிரப்பக் கன்ட்ரோலும் டியும். எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் 'அண்ணாச்சி கற்றுத்தந்த குறுக்குவழிகள்'.

சின்ன முதலாளி ஆசையோடு செய்த காரியம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நீர் போய்ச் சேர்ந்த முப்பதாம் நாளுக்கு முன்னால் ஆளுக்கொரு கடிதம், உம்மை நினைத்து, உமக்கே எழுதுவது போல் எழுதி உம் வீட்டு முகவரிக்குத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறார். உம் வீட்டம்மா எல்லாவற்றையும் சேர்த்து வைக்கப் போகிறார்களாம். எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். முத்துமாரி கேட்ட கேள்விதான் பேனாவை எடுக்க வைத்தது.

முத்துமாரியை உமக்குத் தெரியாது. நீர் படுக்கையில் விழுந்த பிறகு வேலைக்குச் சேர்ந்த பிள்ளை. எப்போதும்வென்றான் ஊரிலிருந்து பஸ் பிடித்து வருகிறது. ஃப்ளெக்ஸை நின்று படித்துவிட்டு என்னிடம் வந்தது.

"சார், இதெல்லாம் அண்ணாச்சி கண்டுபிடிச்சதாம்லா? ஒங்களுக்கும் அவியதான் சொல்லிக்குடுத்தாவளா?"

கையிலிருந்த டீ ஆறிப்போய் ஏடு கட்டியது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீரா? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். குறுக்கே பேசி என் வாயை அடைப்பது உம் பழக்கம். இந்த முறை அதற்கு வழியில்லை.

அப்போது நம் தீப்பெட்டி ஆபீஸில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் வயிற்றில் உருண்டை வைத்த மவுஸ். ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் கோவில்பட்டியில் எந்த ஜன்னலைச் சாத்தியும் பயனில்லை. கரிசல் புழுதி உள்ளே வந்துவிடும். மத்தியானச் சோறு முடிந்ததும் எல்லாரும் மவுஸைக் கவிழ்த்து, உருண்டையைக் கழற்றி, உள்ளே சுற்றியிருக்கும் கறுப்பு அழுக்கை நகத்தால் சுரண்டுவோம். வெற்றிலை போடுவது போல அது ஒரு வேலை. சுரண்டச் சோம்பல்பட்டவர் நீர் ஒருவர்தான். அதனால் ஓர் ஆடியில் உம்முடைய மவுஸ் ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

பெரிய முதலாளியிடம் போய்ப் புதிது கேட்க உமக்குத் தைரியம் இல்லை. நேராக என் மேசைக்கு வந்தீர். குனிந்து, பின்பக்கத்திலிருந்து என் மவுஸ் வயரை உருவினீர்.

"எம்.காம்ல ரேங்க் வாங்குன ஆளுக்கு இது எதுக்கு வே? படிப்பை வச்சு ஓட்டும்."

அறையே சிரித்தது. லோடு அனுப்புகிற பாண்டி எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தான். "அண்ணாச்சி, அவரு மந்திரம் சொன்னா அது தானா நகரும்!"

நான் முதலாளியிடம் போயிருக்கலாம். போகவில்லை. போனால் உம்மைக் கூப்பிட்டுக் கேட்பார். நீர் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொல்வீர். கடைசியில் நீர் பெருந்தன்மையாகத் திருப்பித் தந்த பொருளாக அது என் மேசைக்கு வரும். எனக்குக் கேட்டு வாங்குகிற பழக்கம் இல்லை. மறக்காமல் வைத்திருக்கிற பழக்கம் உண்டு.

மவுஸ் இல்லாமல் உட்கார்ந்த முதல் நாள் கை வெட்டுப்பட்டவன் மாதிரி இருந்தேன். வலது கை தானாகப் பக்கவாட்டில் போய் வெறும் பலகையைத் தடவிவிட்டுத் திரும்பும். எதிரே நீர் என் மவுஸை உருட்டிக்கொண்டிருப்பீர். ஆத்திரத்தில் திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. மேலே இருக்கிற ஒவ்வொரு சொல்லிலும் ஏதோ ஓர் எழுத்துக்கு மட்டும் அடியில் கோடு போட்டிருந்தது. அதுவரை அழகுக்குப் போட்டது என்று நினைத்திருந்தேன். ஆல்ட்டை அமுக்கி அந்த எழுத்தையும் அமுக்கினேன். பட்டியல் விரிந்தது. விரிந்ததற்குள்ளும் கோடுகள். ஒவ்வொன்றாக உள்ளே போனேன்.

பிறகு எனக்குப் பசிகூடத் தெரியவில்லை. நீங்கள் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு உருண்டை சுரண்டுகிற நேரத்தில் நான் கீ கீயாக அமுக்கிப் பார்த்தேன். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு அரைப்புள்ளியைத் தட்டினால் அன்றைய தேதி தானாக வந்து உட்காருகிறது. எஃப் நான்கைத் தட்டினால் கடைசியாகச் செய்த வேலையை இன்னொரு தரம் செய்கிறது. கன்ட்ரோலோடு கீழ் அம்புக்குறியைத் தொட்டேன். சரக்கு வாங்குகிற பார்ட்டிகளின் பெயர்ப் பட்டியல் முழுவதையும் தாண்டி ஒரே எட்டில் கடைசி வரியில் போய் நின்றது. கடம்பூரில் நிற்காமல் மணியாச்சிக்குப் பறக்கிற ரயிலைப் பார்த்தது போல இருந்தது எனக்கு. நீரோ அதே கடைசி வரிக்குப் போக மவுஸைத் தேய்த்துத் தேய்த்துக் கீழே இறங்கிக்கொண்டிருந்தீர். உம் மணிக்கட்டு வலிப்பதாக வேறு சொன்னீர். அன்று மத்தியானம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

என் வேலை சீக்கிரம் முடிவதை நீர் கவனித்துவிட்டீர். டீ கிளாஸோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்தீர்.

"என்ன வே, ஆர்மோனியம் வாசிக்கீரா?"

கேலி செய்துகொண்டே பார்த்தீர். இது எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், வேண்டா வெறுப்பாகவாவது. நீர் கேட்கவில்லை. கேட்டால் எனக்குக் கீழே போய்விடுவீர் என்று பயம். அதனால் என் விரல்களை மட்டும் பார்த்து மனப்பாடம் செய்தீர். இடது கை சுண்டுவிரல் மூலையில் இருக்கிற கீயில், நடுவிரல் டியில். பார்த்து முடித்ததும் நேரே முதலாளி அறைக்குப் போனீர்.

பெரிய முதலாளி வாசல்வரை வந்து கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "ஏலே, இங்க வந்து பாருங்கல! மவுஸைத் தொடாமலே ஓட்டுதான்!"

நீர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னீர்: "சும்மா உக்காந்து ரோசிச்சேன் மொதலாளி. வந்துட்டு."

வந்துட்டு! தும்மல் வருவது போல வந்துவிட்டது உமக்கு.

அதிலிருந்து அது உம்முடைய வழி. புதிதாக யார் சேர்ந்தாலும் நீர்தான் பாடம் நடத்துவீர். "மூலைக் கீயை அமுக்கு, கூட டியை அமுக்கு." அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர் இருப்பதை நீர் ஒரு நாளும் சட்டை செய்ததில்லை. நான் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என் புது வீட்டுப் பால் காய்ச்சுக்கு வந்து, இரண்டு பந்தியில் சாப்பிட்டு, கொத்தனாரை மட்டும் பாராட்டிவிட்டுப் போன மனிதர் நீர். உம்மிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?

இனி அந்த நாளைச் சொல்கிறேன். வடக்கேயிருந்து பெரிய பார்ட்டி வந்திருந்தார், கூடவே தமிழ் தெரிந்த ஏஜென்ட். ஒவ்வொரு தீப்பெட்டி லேபிளுக்கும் புது விலை போட்டு அவர் கண் முன்னாலேயே காட்ட வேண்டும். முதலாளி அறையில் பெரிய டிவி. அதில் மாட்டியிருந்தது முதலாளி அப்போதுதான் வாங்கிய லேப்டாப். நீர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தீர். என்னைப் பக்கத்தில் நிற்க வைத்தீர், காகிதம் எடுத்துக்கொடுக்க.

"மவுஸே தேவையில்லை, பாருங்க," என்று முதலாளி பெருமையாகச் சொன்னார்.

நீர் மூலைக் கீயையும் டியையும் அமுக்கினீர். விலை நிரம்பவில்லை. இருந்த விலை போய் அந்த இடத்தில் 'd' என்று ஓர் எழுத்து மட்டும் நின்றது. அதைத் திருத்த மூலையும் இசட்டும். 'dz' ஆயிற்று. பயந்துபோய்ச் சேமிக்கப் பார்த்தீர். 'dzs'. அடுத்த கட்டத்துக்கு இறங்கி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தீர். டிவி முழுக்க dzs, dzs என்று கொட்டை கொட்டையாக இறங்கியது. பார்ட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஏஜென்டிடம் ஏதோ கேட்டார்.

"இது புது லேபிளான்னு கேக்காரு," என்றார் ஏஜென்ட்.

வாசலில் நின்ற பாண்டி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான்.

உம் காதுமடல் சிவந்திருந்தது. எனக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. அந்த லேப்டாப்பில் மூலையில் இருந்தது வேறு ஒரு கீ. கன்ட்ரோல் அதற்கு அடுத்து இருந்தது. விரலைப் பார்த்துத் திருடியவருக்கு அது எப்படித் தெரியும்? நான் உம் தோளுக்கு மேலே குனிந்து எஸ்கேப்பை ஒரு தட்டுத் தட்டினேன். கன்ட்ரோலும் இசட்டும் சில தட்டு. dzs எல்லாம் மறைந்து பழைய விலைகள் திரும்பி வந்தன. நீர் நாற்காலியிலிருந்து எழுந்தீர். நான் எழச் சொல்லவில்லை. உட்கார்ந்து மிச்ச வேலையை முடித்தேன். விலை நிரம்பியது, லேபிள்வாரியாகக் கணக்குப் பிரிந்தது, கூட்டுத்தொகை வந்தது. வலது கை கீபோர்டை விட்டு நகரவே இல்லை. பார்ட்டி மேசையைத் தட்டி "வாஹ்!" என்று மெச்சினார். இவருக்கு யார் கற்றுத்தந்தது என்று ஏஜென்டை விட்டுக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உம் கை என் தோளில் விழுந்தது.

"நம்ம ஆளுதான். நான் பழக்குனது."

முதலாளி சிரித்தார், பார்ட்டி சிரித்தார், ஏஜென்டும் சிரித்தார். ஒரு பெரிய லோடு பேசி முடிகிற இடத்தில் வாக்குவாதம் வைக்க முடியுமா? தெரிந்துதான் சொன்னீர். அந்தக் கை இத்தனை வருடமாக என் தோளிலேயே இருந்தது. இன்று மத்தியானம்தான் எடுத்துப் போட்டேன்.

சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். முத்துமாரி பாண்டியிடமும் அதே கேள்வியைக் கேட்டது. பாண்டிக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

"ஏட்டி, அவியளா கண்டுபிடிச்சாவ? நல்லா இருக்கே கதை! டிவி முழுக்க டிஇசட்எஸ் லேபிள் விட்ட ஆளுல்லா அவிய!"

ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. எழுந்து நின்று நடித்தே காட்டினான். நீர் சட்டைக் கையை மடித்தது, பார்ட்டி கண்ணாடியைத் துடைத்தது, உம் காது சிவந்தது எல்லாம் வந்தது. முத்துமாரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. சத்தம் கேட்டுச் சின்ன முதலாளி உள்ளே வந்து நின்றார். முழுவதையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நெசமா சார்?"

"நெசம்தான். எனக்கு யாரும் சொல்லிக்குடுக்கல. இங்கன உக்காந்து நானாத்தான் படிச்சேன். அவருதான் என்னையப் பாத்துப் பழகுனாரு."

இவ்வளவு சின்ன விஷயம் அது. ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன். இதைச் சொல்லத்தானா இத்தனை வருடம்?

சின்ன முதலாளி ஃப்ளெக்ஸை ஒரு தரம் பார்த்தார். "தப்பு சார். நாளைக்கே ஒங்க பேரைப் போட்டு வேற அடிக்கச் சொல்லுதேன். இதைக் கழட்டிருவோம்."

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சுவரில் இருந்த உம்மைப் பார்த்தேன்.

"வேண்டாம். அது அங்கனயே இருக்கட்டும்," என்றேன்.

"ஏன் அண்ணாச்சி?" என்றான் பாண்டி. இந்த அறையில் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் நான் வெறும் சார்.

பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர். உம் மீது எனக்கு அது கிடையாது. கழற்றினால் நீர் தப்பித்துவிடுவீர். இருந்தால், நாளை முதல் கன்ட்ரோலை அமுக்குகிற ஒவ்வொருவரும் தலையை நிமிர்த்தி உம்மைப் பார்ப்பார்கள், பார்த்துச் சிரிப்பார்கள். முத்துமாரி இப்போதே இரண்டு தரம் சிரித்துவிட்டது. உம் படம் எத்தனை வருடம் தொங்குகிறதோ அத்தனை வருடமும் என் கதை அதனடியில் நடக்கும். இதைவிட நல்ல இடம் என் பெயருக்குக் கிடைக்காது.

நன்றி என்ற சொல்லையும் இந்தக் கடிதத்தில் தேட வேண்டாம். வயரை நீர் உருவியிராவிட்டால் நானும் எல்லாரையும் போல உருட்டிக்கொண்டே இருந்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நன்றி சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை எழுதியாக வேண்டும். இன்று சாயங்காலம் வேலை முடிக்கும்போது உம் காலி நாற்காலியைப் பார்த்தேன். என் கை வேகமாக ஓடுவது எதிரே அமர்ந்து பொறாமைப்பட ஓர் ஆள் இருந்ததால்தான் என்று தோன்றியது. அந்த வேகம் இனியும் குறையாது. இப்போதெல்லாம் ஒளியில் ஓடுகிற மவுஸ் எல்லா மேசையிலும் இருக்கிறது, என் மேசையிலும் வைத்திருக்கிறார்கள். அதன் மேல் புழுதி படிந்து கிடக்கிறது. என் வலது கை அந்தப் பக்கம் போவதே இல்லை.

உம் வீட்டம்மா இதைப் படித்தால் மனம் வருந்துவார்களோ என்று கொஞ்சம் யோசித்தேன். உம்மோடு இத்தனை காலம் குடித்தனம் செய்தவர்கள். இதில் அவர்களுக்குப் புதிய சங்கதி எதுவும் இருக்காது.

கடைசியில் பெயர் எழுதப் பேனாவைத் தாளில் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். பெயர் போட்டால் இது செத்தவரிடம் போய் உரிமை கேட்கிற மனுவாகிவிடும். எனக்குச் சேர வேண்டியது இன்று மத்தியானமே வந்து சேர்ந்துவிட்டது. யார் எழுதியது என்று உம் வீட்டம்மா கேட்டால், எங்கள் ஆபீஸில் யாரும் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டார்கள். இதை மடித்து உறையில் போட்டு ஒட்டப் போகிறேன். நாளைக் காலை வேலைக்குப் போகிற வழியில், கையெழுத்து இல்லாமலே, தபால்பெட்டியில் போட்டுவிடுவேன்.